மழை ஊரில் ஆறு கம்பி

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்தது. அன்று பெல்மதுளைப் பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தவர்களுக்கு எந்த பிராண்ட், எந்த கேஜ், அதாவது கம்பித் தடிப்பு, என்ற கேள்விக்கே இடமில்லை. கொழும்பிலிருந்து எது வந்து சேர்ந்ததோ அதுதான் கம்பி. ஓசை மங்கினால் கொதிநீரில் போட்டெடுத்துத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

ஆசைக்கு மட்டும் குறைவில்லை. 1960களில் சிங்களப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, தேயிலை விளையும் அப்புத்தளையில் பிறந்தவர். தமிழில் ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசை வந்தது. அந்தப் பாட்டுகளை வாசிக்க விரும்பிய பையன்களின் விரலுக்குத்தான் பாடு.

அந்தக் காலத்துக் கம்பிகள் அவ்வளவு தடிப்பு. அமெரிக்காவிலும் இதே தொல்லைதான். மூன்றாம் கம்பி 0.029 அங்குலம், அதுவும் சுற்றுக்கம்பி. வளைக்க முடியாமல் பழகுநர்கள் திணறினார்கள். கலிபோர்னியாவில் கடை வைத்திருந்த எர்னி பால் இதைப் பார்த்துவிட்டு, 1960களின் தொடக்கத்தில் 'ஸ்லிங்கி' என்ற மெல்லிய செட்டை விற்கத் தொடங்கினார். இன்று எல்லோரும் 'டென்' என்று கேட்டு வாங்கும் 10–46 (முதல் கம்பி 0.010, ஆறாம் கம்பி 0.046 அங்குலம்) அந்த வழியில் வந்தது.

இப்போது போனிலேயே எர்னி பால், டடாரியோ, எலிக்சர் என்று வரிசையாகப் பார்க்கலாம். கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும். விலைதான் டொலரோடு ஏறுகிறது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியபோது கம்பி மாற்றுவதைத் தள்ளிப்போடாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

அதனால் பிடித்த கலைஞர் எந்த பிராண்டைப் போடுகிறார் என்று பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெல்மதுளை இருப்பது இரத்தினபுரி மாவட்டத்தில். நாட்டிலேயே மழை கூடிய பக்கங்களில் ஒன்று. ஈரக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால், சாதாரண நிக்கல் பூச்சுக் கம்பியின் சுற்றிடுக்கில் சீக்கிரமே கறுப்பு ஏறும். தடவினால் விரல் நுனியில் கறை ஒட்டும், நாலாம் கம்பி செத்த ஓசை தரும். மேலுறை பூசிய கம்பி விலை கூடினாலும் இந்த ஊருக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

கேஜ் வேறு கணக்கு. சுருதியும் நீளமும் மாறாவிட்டால் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே 9இலிருந்து 10க்குப் போனால் முதல் கம்பி ஏறக்குறைய 23 விழுக்காடு கூடுதலாக இழுக்கும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடையும் திருகிச் சரிபார்க்க வேண்டி வரலாம். லீட் பழகும் பிள்ளைக்கு 9–42 கொடுங்கள். கல்யாண வீட்டில் இரவு முழுக்கத் தாளம் பிடிப்பவருக்கு 10–46 தாங்கும். அறுவது பெரும்பாலும் முதல் கம்பி என்பதால், அதில் மட்டும் இரண்டு தனியாக வாங்கிப் பையில் வைக்கட்டும். தோட்டத் திருவிழாவுக்கு வாசிப்பதென்றால் இரண்டு நாள் முன்பே புதுச் செட்டை மாட்டிவிட வேண்டும். கம்பி இழுபட்டு அடங்கும் வரை சுருதி நிற்காது.