ஊசியும் தவணையும்

நோய் வந்தபின் மருந்து தேடி அலைவதிலும் வருமுன் காத்துக்கொள்வது மேல் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், காத்துக்கொள்ளும் விருப்பத்தோடு முன்வந்த ஒருவருக்கு, “இன்றைக்கு இல்லை, பிறகு வாருங்கள்” என்ற விடை கிடைக்குமாயின் அவர் யாது செய்வார்? தடுப்பூசி என்றால் குப்பியில் அடைத்த மருந்தை மட்டுமே பலர் நினைக்கின்றனர். அம்மருந்தும் அதனை வேண்டி நிற்கும் மனிதரும் ஓரிடத்தில், ஒரு நாளில், ஒரு வேளையில் சந்தித்தாலன்றிப் பயன் விளையாது. அச்சந்திப்பை ஒழுங்கு செய்வதற்கே தவணை குறித்தல் என்று பெயர். 2021ஆம் ஆண்டில், கொவிட் தடுப்பூசியை முன்னிட்டுக் கண்டி நகரத்தாரும் சுற்றுவட்டாரத்தாரும் பட்ட பாட்டில் பெரும்பகுதி இச்சந்திப்பைப் பற்றியதே.

தவணையின் தொல்லை நேற்று முளைத்ததன்று. இலங்கைக்கு அம்மைப்பால் வந்து சேர்ந்தது 1802இல். அக்காலத்திற் குளிர்பெட்டி இல்லை; மருந்தைக் குப்பியில் நெடுநாள் வைத்துக் காக்கும் வழியும் இல்லை. ஒரு குழந்தையின் கையில் அம்மைப்பால் வைத்து, ஏறக்குறைய எட்டாம் நாளில் அங்கே எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பர். ஆகவே, அந்நாளில் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மீண்டும் வந்தே ஆகவேண்டும். அவள் வராது போனால் அடுத்த குழந்தைக்கு மருந்தில்லை. சங்கிலி அவ்விடத்தே அறுந்துவிடும். குறித்த நாள் தவறுவது ஒரு குடும்பத்தின் இழப்பு மாத்திரமன்று, ஊரின் இழப்பு என்பதை அக்கால வைத்தியர் நன்கறிந்திருந்தனர்.

பின்னர் இந்நாடு இத்துறையில் அடைந்த முன்னேற்றம் பெருமைக்குரியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிற்று. அம்முறை நாடெங்கும் பரவி, ஒவ்வொரு பகுதிக்கும் சுகாதார வைத்திய அதிகாரியும், அவர்கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், வீடு தேடி வரும் குடும்பநல மாதும் அமையலாயினர். 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1993க்குப் பின் இந்நாட்டில் இளம்பிள்ளை வாதம் எவரையும் தாக்கவில்லை. இவ்வெற்றியின் இரகசியம் மிக எளியது. குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டித் தாய் தவணை தேடி அலைவதில்லை. குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் அடுத்த நாள் முன்னரே எழுதப்பட்டுவிடுகின்றது. தாய் மறந்தாலும், அப்பகுதியின் மாது மறப்பதில்லை.

இவ்வளவு சீரிய அமைப்பைக் கொண்டிருந்த நாட்டிலே, 2021இல் மக்கள் ஏன் அலைக்கழிந்தனர்? இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது காரணம், மருந்தின் வரவு நிச்சயமற்றிருந்தமை. இந்தியா அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் 2021 ஜனவரி 28இல் கொழும்பை அடைந்தன. மறுநாளே ஊசி ஏற்றுதல் ஆரம்பமாயிற்று. முதல் ஊசி பெற்றவர்களுக்கு இரண்டாம் ஊசிக்கும் காலம் குறிக்கப்பட்டது. ஆனால், இந்தியாவிலேயே நோய் பெருகியதனால் ஏற்றுமதி தடைப்பட்டது. முதல் ஊசியை மட்டும் பெற்ற சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவதை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். ஜப்பான் வழங்கிய மருந்தின் முதற்பகுதி ஜூலை 31இல் வந்திறங்கிய பின்னரே அவர்களுக்கு வழி பிறந்தது.

கண்டி மாவட்டத்தின் நிலை இதனினும் சிக்கலானது. இங்கே பலருக்கு ரஷ்ய நாட்டு ஸ்புட்னிக் மருந்து முதல் ஊசியாக ஏற்றப்பட்டது. மற்றைய தடுப்பூசிகளில் முதல் ஊசியும் இரண்டாம் ஊசியும் ஒரே பொருள், ஸ்புட்னிக்கில் அவ்வாறன்று. முதல் ஊசிக்கு ஒருவகைக் கிருமியும், இரண்டாவதற்கு வேறொரு வகைக் கிருமியும் வாகனமாக அமைகின்றன. ஆகையால் மிஞ்சிய முதல் ஊசியை எடுத்து இரண்டாவதாக ஏற்றிவிட இயலாது. அவ்விரண்டாம் வகையின் உற்பத்தி உலகெங்கும் தாமதப்பட்டது. தவணை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, குறித்த நாள் கடந்து செல்வதை வாளாவிருந்து பார்ப்பதன்றி மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இதில் உள்ளூர் உத்தியோகத்தரைக் குறைகூறுவதிற் பயனில்லை. ஆயினும், தாமதம் இன்ன காரணத்தால் நேர்ந்தது, இனி இன்னது செய்யப்படும் என்ற சொல் உரிய வேளையில் வந்தால், காத்திருப்பவரின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம், யார் எவ்விடத்திற்கு உரியவர் என்ற கேள்வி. ஊசி பெரும்பாலும் கிராம சேவகர் பிரிவுப்படியும் சுகாதாரப் பிரிவுப்படியும் வழங்கப்பட்டது. கண்டியோ நாள்தோறும் வெளியூராரை வரவேற்று அனுப்பும் நகரம். புசல்லாவையிலோ தெல்தோட்டையிலோ பெயர் பதிவாகியுள்ள இளைஞர், நகரத்துக் கடையில் வேலை செய்து அங்கேயே தங்கியிருக்கலாம். பேராதனையிற் பயிலும் மாணவரின் பெயர் தம் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கலாம். வாழும் ஊர் ஒன்று, பதிவுள்ள ஊர் வேறொன்று என்ற நிலையிலுள்ளவர் இரண்டு இடத்திலும் அந்நியராகிவிடும் அபாயம் உண்டு. மே 21 முதல் ஜூன் 21 வரை நாடு தழுவிய பயணக் கட்டுப்பாடும் நிலவியபோது, சொந்த ஊர்க்குப் போய் ஊசி ஏற்றிக்கொள்வது எளிதாக இருந்திருக்குமா?

மூன்றாவது காரணம் குப்பிக்குள்ளேயே இருந்தது. கோவிஷீல்ட் குப்பி ஒன்று 10 பேருக்குரியது. திறந்தபின் 6 மணி நேரத்துக்குள் அதனைச் செலவிட்டுவிட வேண்டும். மாலையில் வந்த இருவருக்காக ஒரு குப்பியைத் திறந்தால் எண்மருக்கான மருந்து வீணாகலாம். “இன்னும் சிலர் சேரட்டும்” என்றோ, “நாளை வாருங்கள்” என்றோ தாதி சொல்வது இதனாலேயாம். காரணம் அறியாதவருக்கு அது அலட்சியமாகத் தோன்றும். அறிந்தவரோ, பொறுமையோடு இருப்பர்.

நான்காவது காரணம், செய்தி சென்று சேரும் வழி. மடுல்கலை, பன்விலை, ரங்கலை போன்ற மலைப்பகுதித் தோட்டங்களில், லயன் அறைகளில் வாழும் குடும்பங்களை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். நாளைக்கு ஊசி என்ற அறிவித்தல் இன்று மாலை கைத்தொலைபேசியில் வந்தால், கைத்தொலைபேசி இல்லாத முதியவர் அதனை எவ்வாறு அறிவார்? சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்டால் தமிழ் மட்டும் வாசிப்பவர் யாரைக் கேட்பார்? 2021 மார்ச்சு முதல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினால் இழப்பு அந்த ஆயிரம் ரூபாய். மறுநாளும் சென்றால் இரண்டாயிரம். மூன்றாம் நாள் அத்தாய் ஊசிக்குச் செல்லவில்லையெனின், அறியாமையாற் செல்லவில்லை என்று கூறுவது நியாயமாகாது.

அயலகமான இந்தியாவில் இத்தொல்லை வேறுருக் கொண்டது. கோவின் என்னும் கணினி வழிப் பதிவு அங்கே நடைமுறைக்கு வந்தது. 2021 மே 1 முதல் 18 வயதுக்கும் 44 வயதுக்கும் இடைப்பட்டோர் அதிற் பதிந்தே ஊசி பெறலாம் என்றனர். கோடிக்கணக்கானோர் ஒரே வேளையில் முயன்றனர். திறக்கப்பட்ட இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பின. விரைந்த இணையமும் பழகிய விரல்களும் உடையவர் முந்தினர், ஏனையோர் பிந்தினர். கணினி இல்லாத சிற்றூராரின் கதி என்னவென்று இந்திய உச்ச நீதிமன்றமே அம்மாத இறுதியில் வினவிற்று. விதி பின்னர் தளர்த்தப்பட்டு, நேரில் வருவோரையும் ஏற்கலாயினர். அவ்வாண்டு செப்டெம்பர் 12இல் தமிழ்நாட்டில் நடந்த மாபெரும் முகாமில் ஒரே நாளில் 20 இலட்சம் பேருக்கு மேல் ஊசி ஏற்றிக்கொண்டனர். முகாம் மக்களின் வாயிலுக்கு அருகே சென்றமையே அதன் சிறப்பு.

அவ்வாறாயின், முன்பதிவு வேண்டியதில்லையா? வேண்டியதே. வரிசையில் நிற்பது முதியவருக்கும் கருவுற்றவருக்கும் வேதனை. நோய் பரவுங்காலத்தில் ஆபத்துமாகும். முன்பதிவு செய்யத் தெரிந்தவர் செய்யட்டும். இயலாதவருக்கென ஒரு பங்கு மருந்து ஒதுக்கப்படட்டும். குடும்பநல மாதும் தோட்ட மருந்தகத்தாரும் தம் பகுதியாரை வீடு வீடாக அறிவர். அவ்வறிவைப் பட்டியலோடு இணைத்தால் விடுபடுவோர் குறைவர். தவணை பிற்போடப்பட்டால், நகரத்துக்குப் புறப்படுமுன்னரே அச்செய்தி அவரவர் மொழியில் அவரவரை அடைய வேண்டும்.

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கு இடையிலும், 2021 முடிவதற்குள் இலங்கை மக்களுட் பெரும்பாலோர் இரண்டு ஊசிகளையும் பெற்றுவிட்டனர். அதற்காக உழைத்த சுகாதார ஊழியர் நன்றிக்குரியர். ஆயினும், தவணையின் தேவை அக்கொள்ளைநோயோடு தீர்ந்துவிடவில்லை. விசர்நாய் கடித்தவருக்கு ஊசி பல நாட்களிற் பிரித்தே ஏற்றப்படுகின்றது. அந்நோய் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆகவே, ஊசி ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொருவரும் இருக்கையை விட்டு எழுமுன் நான்கு செய்திகளைக் கேட்டு அட்டையில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும்: ஏற்றப்பட்ட மருந்தின் பெயர், அடுத்த ஊசியின் நாள், அது கிடைக்கும் இடம், அந்நாளில் வர இயலாவிடில் யாரிடம் தெரிவிப்பது என்பன. அவற்றைக் கேட்பது மக்களின் உரிமை. விளங்கும் மொழியில் விடை தருவது பணிமனையின் கடமை.