தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு... தலைகுனியாமல் வாங்க வைக்கும் உதவி! - அமெரிக்க யூதக் குடும்பநல அமைப்புகளின் கதை

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்க நகரம் ஒன்றில், சின்னதொரு அடுக்குமாடிக் குடியிருப்பு. தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக வசிக்கிறார். மறதி நோய் முற்றிவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட நினைவில் இல்லை. அவரைக் கவனித்துக்கொள்ள தினமும் வரும் பெண், குளிக்க வைப்பதற்காக ஷவரைத் திறக்கிறார். தண்ணீர் சத்தம் கேட்ட அடுத்த நொடி, பாட்டி அலறத் தொடங்குகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கிறார்.

வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. படுக்கையைச் சரிசெய்யப் போனால், தலையணைக்கு அடியில் காய்ந்துபோன ரொட்டித் துண்டு! குப்பையில் போடலாம் என்று எடுத்தால், பாட்டி அழுகிறார்.

இது பிடிவாதமும் அல்ல, வயதானவர்களின் அடமும் அல்ல. ஹிட்லரின் நாஜிப் படையினர் யூதர்களை வதை முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலத்தில், 'குளிக்கப் போகிறீர்கள்' என்று சொல்லித்தான் பலரை விஷவாயு அறைகளுக்குள் அனுப்பினார்கள். ஒரு ரொட்டித் துண்டு இருந்தால் நாளைக்கு உயிரோடு இருக்கலாம் என்ற நிலை. மறதி நோய் நேற்றைய நினைவை முதலில் அழிக்கும். சின்ன வயது நினைவுகள் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். 60 லட்சம் யூதர்களைப் பலிகொண்ட அந்தக் கொடுமையிலிருந்து சிறுமியாகத் தப்பி வந்தவருக்கு, முதுமையில் அந்த முகாமே திரும்பி வந்துவிடுகிறது.

இவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருப்பவை, அமெரிக்காவின் பல நகரங்களில் இயங்கும் 'ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ்' என்ற யூதக் குடும்பநல அமைப்புகள்.

'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்காதீர்கள்!

இந்த அமைப்புகள் தங்கள் பணியாளர்களுக்குத் தரும் பயிற்சியின் அடிப்படை எளிமையானது. 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று கண்டிப்பதற்கு முன், 'இவருக்கு என்ன நடந்திருக்கும்' என்று யோசிக்க வேண்டும். ஷவர் பயமுறுத்தினால், ஈரத் துணியால் உடலைத் துடைத்துவிடலாம். சீருடை, நாய் குரைப்பு, மருத்துவமனையில் நீண்ட வரிசை, 'பெயரைச் சொல்... எங்கே பிறந்தாய்' என்ற அதிகாரக் குரல்... இவை எல்லாமே பழைய காயத்தைக் கீறிவிடலாம். ஆங்கிலம் மறந்துபோய், சின்ன வயதில் பேசிய இத்திஷ், ஹங்கேரியன், ரஷ்யன் மொழிகளுக்குத் திரும்பிவிடும் முதியவர்களும் உண்டு. அவர்களிடம் அந்த மொழியில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்த ஆள் கிடைத்தாலே பாதி பயம் போய்விடும்.

2015-ம் ஆண்டு இந்த முயற்சிக்கு அமெரிக்க அரசும் கைகொடுத்தது. ஹோலோகாஸ்ட்டிலிருந்து மீண்டவர்களின் பராமரிப்புக்காக, வட அமெரிக்க யூதக் கூட்டமைப்புகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. வீட்டுப் பராமரிப்புக்கான பணத்தில் பெரும்பகுதி வேறொரு வழியில் வருகிறது. 1951-ல் தொடங்கப்பட்ட 'கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ்' என்ற அமைப்பு, ஜெர்மனி அரசுடன் பேச்சுவார்த்தை நடத்தி இழப்பீட்டைப் பெறுகிறது. அதில் ஒரு பகுதி, உள்ளூர் குடும்பநல அமைப்புகள் வழியாக முதியவர்களின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

காலம் அதிகம் இல்லை. 2024 தொடக்கத்தில் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் வெளியிட்ட கணக்குப்படி, 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 2,45,000 பேர் மட்டுமே உயிரோடு இருந்தார்கள்.

இடுகாட்டில் தொடங்கிய சேவை

இந்த அமைப்புகள் ஹோலோகாஸ்ட்டுக்குப் பிறகு உருவானவை என்று நினைத்தால், அது தவறு. வேர் இன்னும் ஆழமானது.

1654-ல், பிரேசிலிலிருந்து வெளியேறிய 23 யூதர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமில் கரையேறினார்கள். இன்றைய நியூயார்க்தான் அது. அன்றைய டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசென்ட்டுக்கு அவர்கள் அங்கே தங்குவதில் விருப்பமில்லை. ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியோ தங்க அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு. 'உங்களில் ஏழைகள் இருந்தால், கம்பெனிக்கும் ஊருக்கும் சுமையாகக் கூடாது. நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பதுதான் அந்த நிபந்தனை. அவமானமாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை, அமெரிக்க யூதர்கள் தங்கள் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1854-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் அமைப்பு பிறந்தது. ஹாலிவுட் இல்லை, சினிமா இல்லை. சில ஆயிரம் பேர் வாழ்ந்த புழுதி பறக்கும் சிற்றூர் அது. அங்கே குடியேறியிருந்த யூதர்கள் 'ஹீப்ரு பெனவலன்ட் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். அந்த நகரின் முதல் அறக்கட்டளை அமைப்பே அதுதான்.

அவர்கள் முதலில் கவலைப்பட்டது எதற்குத் தெரியுமா? செத்தால் புதைக்க இடம் வேண்டுமே என்று! 1855-ல் சாவெஸ் ரவீன் பகுதியில் நகர நிர்வாகத்திடமிருந்து இடுகாட்டுக்கு நிலம் வாங்கினார்கள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் அநாதையாகச் சாகக் கூடாது, நோயாளி கவனிப்பாரற்றுக் கிடக்கக் கூடாது என்பதுதான் அவர்களின் தொடக்கக் கால நோக்கம். இன்றைய 'ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ் எல்.ஏ.' அந்த அமைப்பின் தொடர்ச்சிதான். அதற்கும் முன்பே, 1850-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இதேபோன்ற அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது.

காணாமல்போன கணவர்களின் போட்டோ கேலரி!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். வறுமை, நெரிசலான வீடு, வேலையில்லாத் திண்டாட்டம். இதற்கு நடுவே பெரிய தலைவலியாக முளைத்தது, மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிப்போகும் கணவர்கள் பிரச்னை.

யூத மதச் சட்டப்படி, கணவன் 'கெத்' என்ற விவாகரத்துப் பத்திரம் தந்தால்தான் மனைவிக்கு விடுதலை. ஓடிப்போனவன் எங்கே என்றே தெரியாவிட்டால், அவளால் மறுமணம் செய்ய முடியாது. வாழாவெட்டியாகவும் இல்லாமல், விதவையாகவும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட இந்தப் பெண்களுக்கு ஹீப்ரு மொழியில் 'அகுனா' என்று பெயர். 'சங்கிலியால் கட்டப்பட்டவள்' என்று பொருள்.

இதற்காகவே 1911-ல் நியூயார்க்கில் 'நேஷனல் டெசர்ஷன் பீரோ' தொடங்கப்பட்டது. ஓடிப்போனவர்களின் புகைப்படங்களை, 'காணாமல்போன கணவர்கள்' என்ற தலைப்பில் 'ஃபார்வர்ட்' என்ற இத்திஷ் நாளிதழில் வெளியிட்டார்கள். ஊர் ஊராகத் தகவல் சேகரித்து, வழக்கறிஞர்கள் மூலம் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தார்கள். சமாதானம் பேசி வீட்டுக்குத் திரும்ப வைத்தவர்களும் உண்டு.

சோறு போடுவது மட்டும் உதவி அல்ல. குடும்பம் ஏன் உடைகிறது என்று பார்ப்பதும் உதவிதான் என்ற பாடம் அங்கே கிடைத்தது. இன்று இந்த அமைப்புகள் குடும்ப ஆலோசனைக்கும், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்களுக்கும் தரும் முக்கியத்துவத்துக்கு இப்படியும் ஒரு பின்னணி உண்டு.

கொடுப்பதில் எட்டுப் படிகள்

யூதர்கள் தர்மத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் 'ஜெடாக்கா'. அதன் வேர்ச்சொல்லுக்கு இரக்கம் என்று பொருள் இல்லை. நீதி, நியாயம் என்று பொருள். அதாவது, இல்லாதவருக்குக் கொடுப்பது பெருந்தன்மை அல்ல. செய்தே ஆக வேண்டிய கடமை.

12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ், இந்தக் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்கும், வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் இருப்பது இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலான முதல் படி எது? கடன் கொடுத்தோ, கூட்டு சேர்த்துக்கொண்டோ, வேலை தேடித் தந்தோ, ஒருவர் இனி யாரிடமும் கை நீட்டத் தேவையில்லாதபடி தூக்கி நிறுத்துவது!

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1892-ல் நியூயார்க்கில் வெறும் 95 டாலர் முதலீட்டில் 'ஹீப்ரு ஃப்ரீ லோன் சொசைட்டி' தொடங்கப்பட்டு, தள்ளுவண்டிக்காரர்களுக்கும் தையல்காரர்களுக்கும் வட்டியில்லாக் கடன் தந்தது. இன்றும் தருகிறது.

குடும்பநல அமைப்புகளின் அன்றாட வேலைகளிலும் இதே எண்ணத்தைப் பார்க்கலாம். சில உதாரணங்கள்:

* உணவு வங்கி: லாஸ் ஏஞ்சலஸில் 1983-ல் தொடங்கிய 'சோவா' என்ற உணவு வங்கியின் பெயருக்கு, 'சாப்பிட்டுத் திருப்தியாகு' என்று பொருள். பல ஊர்களின் உணவு வங்கிகளில், கட்டிவைத்த பையைக் கையில் திணிப்பதில்லை. கடைபோல அலமாரிகள் இருக்கும். வேண்டியதை அவர்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

* வீடு தேடி வரும் சாப்பாடு: நடமாட முடியாத முதியவர்களுக்கு, யூத உணவு விதிகளின்படி சமைத்த 'கோஷர்' சாப்பாடு வீட்டுக்கே போகிறது. பன்றி இறைச்சி கிடையாது. இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது. சாப்பாடு கொண்டுபோகும் தன்னார்வலர் இரண்டு நிமிடம் நின்று பேசுவார். கதவு திறக்கவில்லை என்றால், அலுவலகத்துக்குத் தகவல் போகும்.

* மன நல ஆலோசனை: வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். குறைவாகச் சம்பாதிப்பவர் குறைவாகக் கொடுத்தால் போதும். இலவசம் என்ற கூச்சமும் இல்லை, செலவைக் கண்டு பின்வாங்கும் நிலையும் இல்லை.

* கஃபே யூரோப்பா: ஹோலோகாஸ்ட்டிலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேச, பாட, சாப்பிட ஒரு சந்திப்பு. போர் முடிந்ததும், உயிர் பிழைத்தவர்கள் சொந்தங்களைத் தேடி வந்து கூடிய ஸ்டாக்ஹோம் நகரத்து உணவகம் ஒன்றின் பெயர் அது.

'அவர் யார்' என்று கேட்பதில்லை

'உங்கள் ஏழைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று தொடங்கிய கதை, இன்று வேறு இடத்துக்கு வந்து நிற்கிறது. பெரும்பாலான ஊர்களில் இந்த அமைப்புகள், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் உதவுகின்றன. 1918-ல் தொடங்கிய சான் டியேகோ அமைப்பு, மெக்சிகோ எல்லையைத் தாண்டி அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களுக்காக 2018-ல் தங்குமிடம் நடத்தத் தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2018 அக்டோபர் 27 அன்று, பிட்ஸ்பர்க் நகரின் 'ட்ரீ ஆஃப் லைஃப்' ஜெப ஆலயத்துக்குள் புகுந்த ஒருவன், 11 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குச் சற்று முன்பு இணையத்தில் அவன் திட்டியது, அகதிகளுக்கு உதவும் 'ஹையஸ்' என்ற யூத அமைப்பை! அயலாருக்குக் கதவு திறந்ததற்காகவே வந்த வெறுப்பு அது. துக்கத்தில் உறைந்த குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்ல உடனே போய் நின்றவர்களில், அந்த ஊரின் யூதக் குடும்பநல அமைப்பினரும் இருந்தார்கள். அதே அமைப்புதான் அங்கே அகதிகளைக் குடியமர்த்தும் பணியையும் செய்துவந்தது. அதன் பிறகும் அந்தப் பணியை அவர்கள் கைவிடவில்லை.

முகாமிலிருந்து மீண்ட முதியவர்களுக்காக உருவான பராமரிப்பு முறையும் இப்போது மற்றவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரர், வேறு நாட்டிலிருந்து உயிர் தப்பி வந்த அகதி, குடும்ப வன்முறையைத் தாண்டி வந்த பெண் என முதுமையில் பழைய காயத்தோடு வாழும் எவருக்கும் அது பொருந்தும்.

அந்தத் தலையணை ரொட்டிக்கு வருவோம். பயிற்சி பெற்ற பணியாளர் அதைப் பிடுங்கி எறிய மாட்டார். பாட்டியைத் திட்டவும் மாட்டார். காய்ந்த துண்டு இருந்த இடத்தில் புதிய துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். நாளைக்கும் சாப்பாடு உண்டு என்ற நம்பிக்கையோடு பாட்டி தூங்குவார்.