கியர்பாக்ஸைப் பார்த்து கார் வாங்குங்கள்

2014 பிப்ரவரியில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில் மாருதி நிறுவனம் செலேரியோ என்ற சின்னக் காரை அறிமுகப்படுத்தியது. பார்வைக்கு அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் அதன் ஒரு மாடலில் கிளட்ச் பெடல் இல்லை. அதுவரை இந்தியாவில் ஆட்டோமேட்டிக் என்றாலே வசதியானவர்கள் வீட்டுச் சமாசாரம். சின்னக் கார்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தாலும் விலை கூடுதல், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. என்ற கியர்பாக்ஸ் இந்த இரண்டு பயத்தையும் போக்கியது. பின்னாலேயே ஆல்டோ கே10, வேகன் ஆர், க்விட், டியாகோ, இக்னிஸ் என்று வரிசை கட்டி வந்தன.

அந்த வண்டிகளெல்லாம் இப்போது பழைய கார் சந்தையில் நிற்கின்றன. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இனி ஸ்கூட்டரில் போக முடியாது என்று முடிவெடுத்த தம்பதிகள், நாலைந்து லட்சம் பட்ஜெட்டோடு அவற்றைத் தேடி வருகிறார்கள். வீட்டில் இரண்டு பேரும் ஓட்ட வேண்டும், நெரிசலில் இடது கால் வலிக்கக் கூடாது, அதனால் ஆட்டோமேட்டிக். நியாயமான ஆசைதான். கார் கன்சல்டிங் கடைக்காரர் முதலில் காட்டுவது டச் ஸ்கிரீனும் அலாய் வீலும். நாம் முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டியில் இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ் என்பதைத்தான். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்பனையாகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கிழடாகும். ஒன்று கெட்டால் சில ஆயிரத்தில் முடியும், இன்னொன்று கெட்டால் லட்சத்தைத் தாண்டும்.

எந்தக் காரிலும் கியர்பாக்ஸுக்கு இரண்டு வேலை. வண்டி நிற்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும். வேகத்துக்கும் ஏற்றத்துக்கும் தக்கபடி பல்சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். கியர் வண்டியில் முதல் வேலையை இடது காலும் இரண்டாவதை இடது கையும் செய்கின்றன.

முதல் வகையான ஏ.எம்.டி.யில் இருப்பதும் அதே சாதாரண கியர்பாக்ஸ்தான், அதே கிளட்ச் பிளேட்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர், தன் பக்கத்துப் பெடலை மிதித்து நமக்காக கிளட்சைப் பிடிப்பாரே, அந்த மாஸ்டரின் இடத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் அது ஏவும் இயந்திரக் கையும் உட்கார்ந்திருக்கின்றன. கியர் மாறும் கணத்தில் கிளட்ச் பிரிவதால் இன்ஜினின் இழுவை ஒரு நொடி அறுந்து மறுபடி சேரும். ஏ.எம்.டி. வண்டியில் தலை லேசாக முன்னே ஆடுவது இதனால்தான். அது கோளாறு அல்ல, அதன் சுபாவம். கியர் மாறும் சமயம் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த ஆட்டமும் குறைந்துவிடும்.

இதன் பலம், விலையும் மைலேஜும். பலவீனம், கிளட்ச் பிளேட். கியர் வண்டியில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து ஓட்டினால் காலுக்குத் தெரியும். இதில் பெடலே இல்லாததால் பிளேட் தேய்வது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சிக்னல் ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் பலர். அப்படி ஒருவர் ஐந்து வருடம் ஓட்டிய வண்டி வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிளேட் கருகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டியதில்லை. ஏதாவதொரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தள பார்க்கிங்குக்கு வண்டியை ஓட்டிப் போங்கள். மேலே ஏறும் சரிவின் பாதியில், பின்னால் வண்டி இல்லாதபோது, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். கியர் டி-யிலேயே, அதாவது டிரைவ் நிலையிலேயே இருக்கட்டும். இப்போது பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். நல்ல வண்டி ஒரு சாண் பின்னால் சரிந்தாலும் உடனே பிடித்து ஏறும். கிளட்ச் முடிந்துபோன வண்டி உதறும்; இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது; கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வரும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. அதே சரிவில் ரிவர்ஸிலும் ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் கிளட்ச் கூடுதலாக வழுக்கும்; குறையும் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு விஷயம். செலேரியோ போன்ற பல ஏ.எம்.டி. கார்களில் 'பி', அதாவது பார்க்கிங் நிலை கிடையாது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் சரிவில் வண்டி உருளும். கியரில் போட்டு இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். டி-யில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே நகரும் என்பதையும் வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது வகை, டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக யோசித்து 1905-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்ஜின் சுழற்றும் ஒரு இறக்கைச் சக்கரம் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிரே இருக்கும் இன்னொரு இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றும். நடுவில் உரசித் தேய கிளட்ச் பிளேட் இல்லாததால் நெரிசலில் ஊர்ந்தாலும் இதற்கு அலுப்பு கிடையாது. எண்ணெயில் கொஞ்சம் சக்தி வீணாவதால் மைலேஜ் அடி வாங்கும். ஹூண்டாய் ஐ10, கிராண்ட் ஐ10, மாருதியின் சியாஸ், எர்டிகா ஆகியவற்றில் வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் இந்த ரகம். பழைய தொழில்நுட்பம் என்று கார் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பழைய கார் வாங்குகிறவருக்கு அந்தப் பழமையே சாதகம் என்பது என் எண்ணம். தினமும் ஓட்டுவது பள்ளிக்கூடம், ஆபீஸ், கோயில் என்ற அளவில்தான் என்றால் மைலேஜ் நஷ்டம் பெரிதாகக் கடிக்காது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். பிரேக்கை மிதித்து டி-யில் போட்டதும் வண்டி உடனே பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு 'டொக்' என்று பிடித்தால் வேண்டாம்.

மூன்றாவது, சி.வி.டி. இதில் கியர் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. கூம்பு வடிவத் தட்டுகளால் ஆன இரண்டு கப்பிகளுக்கிடையே ஒரு பெல்ட். தட்டுகள் நெருங்கவும் விலகவும் பெல்ட் ஏறி இறங்கும், விகிதம் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறும். 1958-ல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம், ஹப் வான் டோர்ன் வடிவமைத்த ரப்பர் பெல்ட் சி.வி.டி.யோடு ஒரு சின்னக் காரை அறிமுகப்படுத்தியது. முன்னால் போகும் அதே வேகத்தில் அது பின்னாலும் போகும். டச்சுக்காரர்கள் அதை வைத்துப் பின்னோக்கிக் கார் பந்தயமே நடத்தினார்கள்! இப்போது ரப்பருக்குப் பதில் எஃகு பெல்ட். ஹோண்டா சிட்டி, ஜாஸ், அமேஸ், 2022 வரை வந்த மாருதி பலேனோ ஆகியவற்றில் பார்க்கலாம். நால்வகையில் ஓட்ட மிக மென்மையானது இதுதான். தூங்குகிற குழந்தை கியர் மாறி எழுந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அந்த எஃகு பெல்ட் உயிர் வாழ்வது எண்ணெயில். அதற்கென்றே உள்ள சி.வி.டி. ஆயிலை, தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிற பலருக்கு இப்படியொரு ஆயில் இருப்பதே தெரியாது. எனவே சி.வி.டி. வண்டிக்குப் பேரம் பேசும் முன் அந்த ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு முறைகூட மாற்றவில்லை என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். சி.வி.டி. கெட்டால் நம் ஊர் மெக்கானிக் பெரும்பாலும் அதைப் பிரித்துச் சரிசெய்ய மாட்டார். முழுப் பெட்டியையும் மாற்றத்தான் சொல்வார்.

நான்காவது, டி.சி.டி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச். ஒன்று விடும்போதே இன்னொன்று பிடித்திருக்கும். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஓட்டியவர்கள் அந்தச் சுகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் கொண்ட டி.சி.டி., நம் கோடை வெயிலில் அடி அடியாக நகரும் நெரிசலில் சீக்கிரம் சூடேறும். வாரண்டி முடிந்த உலர் டி.சி.டி. காரை, பட்ஜெட் பார்த்து வாங்கும் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கியர்பாக்ஸ் தேறிவிட்டால், அந்த வண்டி எங்கே வாழ்ந்தது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியவை காய்ந்து, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விலைக்கு நிற்கும். ஆட்டோமேட்டிக் கார் முழுக்க சென்சாரும் ஒயரிங்கும்தான், தண்ணீர் புகுந்த கனெக்டர் உடனே கெடாது. ஆறு மாதம் கழித்துப் பச்சை பூத்துப் படுத்தும். பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சீட்டைத் துவைப்பார்கள், மிதியடியை மாற்றுவார்கள், சுருளுக்குள் போயிருக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தைத் துவைக்க யாருக்கும் தோன்றாது. மூழ்கிய வண்டியென்றால் அங்கே சேற்றுக் கோடு இருக்கும். முன் சீட்டைத் தள்ளி அதன் தண்டவாளத்து போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும், டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். வண்டி எண்ணைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்பது இருக்கும். ஓனரைக் கூட வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. 'இருபதாயிரம்தான் ஓடியிருக்கு' என்று சொல்லும் ஆறு வருட வண்டியில் நான்கு டயரும் புதிதாக இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

குழந்தைக்காக வாங்குகிற காரில் தயாரான தேதி முக்கியம். 2019 ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2021 டிசம்பர் 31-க்குப் பிறகு எல்லா மாடலிலும் முன்னால் இரண்டு ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியென்றால் மாடலுக்கு மாடல், அதிலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். மலிவு ஆட்டோமேட்டிக்குக்கு வழிகாட்டிய செலேரியோவே, 2016-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடலில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் அந்தச் சின்னக் கழுத்துக்குத் தாங்காது.

பேப்பர் வேலை அலுப்பானது, ஆனால் தப்பிக்க முடியாது. படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 தடையின்மைச் சான்று. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35. இ-செலான் பாக்கியைப் பரிவாகன் தளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

விலை பேசும் முன் அதே மாடலின் புது வண்டி விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. 'புதுசு வாங்கினப்போ இவ்வளவு கொடுத்தேன்' என்று பழைய பில்லைக் காட்டிப் பேசுகிறவரிடம் இன்றைய விலையைச் சொல்லிப் பேரத்தை ஆரம்பியுங்கள்.

என்னைக் கேட்டால், இறுக்கமான பட்ஜெட்டுக்கு ஒரே ஓனர் ஓட்டி, கம்பெனி சர்வீஸ் பதிவு உள்ள, இரண்டு ஏர்பேக் கொண்ட டியாகோ அல்லது வேகன் ஆர் ஏ.எம்.டி. போதும். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால், ஆயில் மாற்றிய ரசீதோடு வரும் ஜாஸ் அல்லது அமேஸ் சி.வி.டி. எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் வருடத்தில் கிளட்சோ பேட்டரியோ டயரோ அதைக் கேட்கும். ஏற்றத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.