நீரிறைக்கும் மின் மோட்டரைத் தொடக்கும் முறை

தை முதல் பங்குனி வரை திம்புள்ளப் பகுதியில் மழை குறையும். தேயிலைக்கு அது மணமூட்டும் காலமாயினும், லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு பயிரிடும் கமக்காரர் ஓடைநீரை மேட்டுப் பாத்திக்கு ஏற்றவேண்டிய காலமாகும். அந்நாளில் மோட்டர் எரிந்தால் நாற்றும் வாடும்.

ஆளியைப் போட்டதும் வீட்டு விளக்கு மங்குவதைக் கண்டிருப்பீர்கள். சுழலி அசையாது நிற்கையில் மோட்டரின் காந்தப்புலம் அதனை முழு வேகத்தோடு கடப்பதால், வழக்கமான மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 8 மடங்கு வரை இழுக்கப்படுகிறது. சுழலி வேகமெடுத்த பின்னரே அது தணியும்.

மலைச்சரிவில் நெடுந்தூரம் இழுத்த மெல்லிய கம்பியில் இம்மின்னோட்டம் பாயின் வோல்ற்றளவு விழும். 230 வோல்ற்று ஐந்திலொரு பங்கு குறைந்தால், சுழற்றும் விசை மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும், சுருள் கருகும். ஆதலால் முதற்செலவு சற்றுக் கூடினும் தடித்த கம்பியே இடுக. பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று அதனிடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிவைப்போர் மோட்டரையும் வீட்டையும் ஒருங்கே பணயம் வைக்கின்றனர்.

மையவிலக்குப் பம்பாயின் முதலில் நீர் நிரப்பி, நீர் வெளியேறும் குழாயின் வால்வை மூடிவைத்துத் தொடக்குக. தொடக்க மின்னோட்டம் இதனால் குறையாது. ஆயினும் சுமை குறைவதால் மோட்டர் விரைவில் வேகம் பெறும், மிகை மின்னோட்டம் நீடிக்காது. உடனே வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். மூடியபடியே ஓடவிட்டால் பம்பினுள் நீர் சூடேறும்.

மூன்று பேஸ் மோட்டருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஏற்றது. அது தொடக்க மின்னோட்டத்தை மூன்றிலொரு பங்காக்கும். சுழற்றும் விசையும் அவ்வளவே குறையுமாதலின், இங்கும் வால்வை மூடியே தொடக்குதல் வேண்டும். மோட்டர் இம்முறைக்கு ஏற்றதா என்பதை மின்வேலை தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும். மின்னணு முறையில் மெல்லத் தொடக்கும் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. ஒரு குதிரைவலுப் பம்பு வைத்திருப்பவர் அவற்றுக்குப் பணம் செலவிடுமுன் கம்பியைச் சீர்செய்வது நன்று.

ஒற்றை பேஸ் மோட்டர் உறுமியும் சுழலாவிடின் உடனே ஆளியை நிறுத்துக. கப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம், பம்பினுள் மணலோ சருகோ சிக்கியிருக்கலாம். மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்ப்பது சுருளையே எரிக்கும்.

மின்சாரம் தடைப்பட்டால் ஆளியை நிறுத்தி வையுங்கள். அது திரும்பியதும் ஒரே கம்பித்தொடரிலுள்ள பம்புகள் யாவும் ஒருங்கே தொடங்கின் எல்லோருக்கும் வோல்ற்றளவு விழும். அயற்காணிக்காரரோடு பேசி, ஒருவர்பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் தொடக்குக.