உளவியல் கற்றவருக்குச் சட்டத்தின் வாசல்

உளவியலில் பட்டம் பெற்ற உங்கள் மகளோ மகனோ, "இனிச் சட்டம் பயிலப் போகிறேன்" என்று கூறினால், "மூன்றாண்டுப் படிப்பு வீணாயிற்றே!" என்று நீங்கள் வருந்தக்கூடும். வருந்த வேண்டியதில்லை. மனித உரிமைக்காக வாதாட விழைவோருக்கு அப்படிப்பு எத்துணைத் தேவை என்பதை நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்த கொடுமையொன்று காட்டும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவை நாடினால் குணமாகும் என்று நம்பிப் பல சமயத்தாரும் தம் உறவினரை அவ்வூரில் கொண்டுவந்து விட்டிருந்தனர். சற்றே சிந்தியுங்கள்! அந்நோயாளிகளுக்கு முறையான மருத்துவம் கிட்டவில்லை, "இவர்களைக் கட்டிவைக்க உமக்கு உரிமை ஏது?" என்று கேட்பாரும் இல்லை. செய்தி அறிந்த உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

உளவியலும் உரிமை வழக்கும் கைகோத்த வரலாறு அமெரிக்காவிலும் உண்டு. மேமி கிளார்க் என்னும் கறுப்பினப் பெண்மணி 1938இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், அவ்வாண்டுக் கோடையில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றினார். இன ஒதுக்கலை எதிர்க்கும் வழக்குகள் அங்கே உருவாவதைக் கண்ணாரக் கண்டார். பின்னர் அவரும் கணவர் கென்னத்தும், கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளை நிறப் பொம்மைகளையும் பழுப்பு நிறப் பொம்மைகளையும் வைத்து, நல்ல பொம்மை எதுவென வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டின. 1954 மே 17இல், அரசுப் பள்ளிகளில் நிலவிய இன ஒதுக்கல் செல்லாதெனத் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கென்னத்தின் ஆய்வையும் மேற்கோள் காட்டிற்று. அவ்விருவரும் உளவியலாளராகவே நின்று வழக்கறிஞருக்குத் துணைபுரிந்தனர். அவ்விரு கல்வியும் ஒருவரிடமே அமையுமாயின் எத்துணை நலம்!

இன்று நம் நாட்டில் அதற்கான தேவை மிகுதி. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அறவே தடுக்கிறது. தம் உரிமைகளை நிலைநாட்ட இலவசச் சட்ட உதவி பெறவும் அவருக்கு உரிமை அளிக்கிறது. ஆனால் இதனை அறிந்தோர் எத்தனை பேர்?

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் ஊர் இருக்கிறது. பௌர்ணமிதோறும் மக்கள் வெள்ளம் அதனைக் கடந்து செல்கிறது. இத்தகைய தலங்களில், மனநலம் குன்றி, உறவின்றித் திரிவோரைக் காண்கிறோம். இரக்கமுள்ளோர் உணவளிக்கின்றனர், அதற்குமேல் செய்யும் வகை அறியார். தம்மைப் பேணிக்கொள்ள இயலாது அவ்வாறு திரிவோரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்கிறது அச்சட்டம். எக்காரணம் கொண்டும் அவர்களைக் காவல் நிலையச் சிறையில் அடைத்தலாகாது. இக்கடமையை நினைவூட்டி நிறைவேறச் செய்பவரே உரிமை வழக்கறிஞர்.

அங்கே உளவியல் அறிவு பெருந்துணையாகும். அஞ்சி நடுங்கும் ஒருவர் நிகழ்ச்சிகளை முன்பின்னாகக் கூறினால், அது பொய்யென்று ஆகிவிடாது. கொடுமைக்குள்ளான குழந்தை பேச மறுத்தால், அதை மிரட்டிப் பயனில்லை. இவை உளவியல் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்கள். எனினும் இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் நோயைக் கண்டறிந்து சான்றளிக்கும் தகுதியுடையவர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது.

வழி யாது? எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும், உரிய மதிப்பெண் இருப்பின், மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். திருவண்ணாமலைப் பகுதியினருக்கு வேலூரிலும் விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. படித்து முடித்தபின் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேறவேண்டும். பதிவுக்குப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாதென உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்துள்ளது. தொடக்க ஆண்டுகளில் வருவாய் குறைவாகவே இருக்கும். அதனைக் குடும்பம் முன்கூட்டியே கணக்கிற்கொள்ளுதல் நலம்.

"பெண்பிள்ளைக்கு நீதிமன்றம் எதற்கு?" எனத் தயங்குவோர் நீதிபதி பாத்திமா பீவியை எண்ணிப் பார்க்கட்டும். வேதியியலில் பட்டம் பெற்றபின், தந்தையாரின் தூண்டுதலால் சட்டம் பயின்றவர் அவர். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்; பின்னர்த் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார்.

ஆகவே பெற்றோரே, படிப்பை மாற்றுகிறாள் என்று மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். யாருக்காக வாதாட விரும்புகிறாய் என்று அவளைக் கேளுங்கள். அவ்வினாவுக்கு அவளிடம் தெளிவான விடை இருக்குமாயின், விண்ணப்பப் படிவத்தை வாங்கிவர நீங்களே உடன் செல்லுங்கள்.