பின்னங்கால்களில் நிற்கும் வெண்கலக் குதிரை

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில், அரண்மனைக்கும் அரச நாடக அரங்குக்கும் இடையே இருக்கிறது பிளாசா டி ஓரியன்ட் பூங்கா. அதன் நடுவே, உயர்ந்த பீடத்தின் மேல், நான்காம் பிலிப் மன்னர் குதிரையில் வீற்றிருக்கிறார். அங்கே போகிறவர்கள் மன்னரைச் சற்று மறந்துவிட்டுக் குதிரையின் கால்களைப் பார்க்க வேண்டும். முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்கின்றன. பல டன் வெண்கலமும் பின்னங்கால்களின் மேல் மட்டுமே நிற்பதுபோல் தோன்றுகிறது.

பியத்ரோ தாக்கா என்ற சிற்பி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 1640-ல் இதை முடித்தார். இவ்வளவு பெரிய பாயும் குதிரையை அதற்கு முன் ஐரோப்பாவில் எவரும் வெண்கலத்தில் நிறுத்திக் காட்டியதில்லை. லியனார்டோ டாவின்சியே மிலானில் இப்படியொரு குதிரையை வரைந்து பார்த்து, பிறகு அதைக் கைவிட்டு ஏழு மீட்டர் உயரமுள்ள நடக்கும் குதிரைக்கு மாறினார். அந்தக் குதிரைக்காகச் சேர்த்த வெண்கலமும் 1494-ல் பீரங்கி செய்யப் போய்விட்டது.

மேசைமேல் வைக்கும் சிறிய பாய்குதிரைகள் பிளாரன்ஸ் பட்டறைகளில் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் ஒன்றை அப்படியே பெரிதாக்கினால் போதாதா? போதாது. உருவத்தை எல்லாத் திசையிலும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். பெரிதாகப் பெரிதாக, கால் தன் சுமைக்குப் போதாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல், குதிரை முன்னால் கவிழ்ந்துவிடக் கூடாது. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே கோடு போட்டால், அது ஊன்றிய இடங்களுக்குள் விழ வேண்டும். பாயும் குதிரையின் மார்பும் கழுத்தும் தலையும் கால்களுக்கு முன்னே நீண்டிருக்கின்றன. நீர்க்குடத்தை உடம்போடு அணைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எடை அதேதான், தூரம் கூடினால் திருப்புவிசை கூடுகிறது. கணுக்காலின் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். பளிங்குக்கல் நசுக்கலைத் தாங்கும், இழுப்புக்கு விரிசல் விடும். அதனால்தான் பளிங்குக் குதிரைகளின் வயிற்றுக்கடியில் ஒரு மரத்தண்டையாவது செதுக்கி முட்டுக் கொடுத்தார்கள். வெண்கலம் இழுப்பையும் தாங்கும்.

தாக்காவுக்கு வழி சொன்னவர் கலிலியோ என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. பின்பகுதியைக் கனமாக வார்த்து, முன்பகுதியை உள்ளீடற்றதாக விடச் சொன்னாராம். இதை நம்ப எனக்குத் தயக்கமில்லை. அப்போது அவர் பிளாரன்ஸை ஒட்டிய ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில் இருந்தபடி, பொருட்களின் வலிமையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1638-ல் லைடனில் வெளிவந்த அந்த நூலில், சுவரில் செருகிய உத்தரம் ஒன்று நுனியில் எடையைத் தாங்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கே, எவ்வளவு சுமையில் முறியும் என்பதுதான் கேள்வி. முன்னங்கால்களைத் தூக்கிய குதிரையின் முன்பாதியும் அத்தகைய உத்தரம்தான். எடைக்கும் குறுக்குப் பரப்புக்கும் உள்ள கணக்கையும் அதே நூலில் அவர் விளக்கியிருக்கிறார்.

ஓரிடத்தில் கனம், ஓரிடத்தில் மெலிவு என்பதை எப்படி வார்ப்பது? சுவாமிமலையில் மெழுகு உருவை மண்ணால் மூடி, உருக்கி வடித்து, சிலையைக் கட்டியாக வார்க்கிறார்கள். ஆனால் பெரிய குதிரைக்கு நடுவில் ஒரு மண் கரு இருக்கும். கருவின்மேல் பூசும் மெழுகின் தடிப்பே பிறகு உலோகத்தின் தடிப்பாகும். ஆக, எடையை எங்கே வைப்பது என்பது மெழுகிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பக்கவாட்டில் நின்று வாலைப் பாருங்கள். தாழ்ந்து இறங்கும் அந்த வால் பீடத்தைத் தொட்டு, மூன்றாவது ஊன்றுகோலாக இருக்கிறது. இரண்டு குளம்புகள் மட்டும் என்றால் ஊன்றும் இடம் ஒரு குறுகிய பட்டைதான். வாலும் சேரும்போது அது முக்கோணமாக விரிகிறது. இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். தாங்கும் உறுப்பை அழகின் பகுதியாகவே ஒளித்து வைப்பது உயர்ந்த பொறியியல். 1782-ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் திறக்கப்பட்ட, பால்கோனே என்ற சிற்பி வடிவமைத்த மகா பீட்டர் சிலையிலும், குதிரை மிதிக்கும் பாம்பு வாலைத் தொட்டு அதே வேலையைச் செய்கிறது.

வால் தரையைத் தொடாத குதிரைக்கு வாஷிங்டன் போக வேண்டும். வெள்ளை மாளிகைக்கு எதிரே லாஃபாயெட் பூங்காவில் 1853-ல் சிற்பி கிளார்க் மில்ஸ் நிறுவிய, முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் சிலையில், பின்னுடலின் கனமே முன்னுடலை ஈடுகட்டுகிறது. அங்கே ஊன்றியிருப்பவை இரண்டு பின்னங்குளம்புகள் மட்டுமே.