பெரிய 'ஏ', சின்ன 'ஏ'

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு, அதனால் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஆர்டர்கள் இரண்டு நாள் முடங்கின.

வெப் சர்வீஸுக்கு அனுப்பும் கோரிக்கையோடு சில ஹெடர்களும் போகும், கடித உறைமேல் எழுதும் குறிப்புகள் மாதிரி. அவற்றின் பெயர்களில் எழுத்து பெரிதா சின்னதா என்று பார்க்கக் கூடாது என 1999-லேயே ஆர்எஃப்சி 2616 சொல்லிவிட்டது. 2015-இல் வந்த எச்டிடிபி/2-இலோ பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில்தான் போக வேண்டும்.

மறுமுனையில் இருந்தவர்கள் தங்கள் ப்ராக்ஸியில் எச்டிடிபி/2-ஐத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் 401, அதாவது 'நீ யார்?' என்ற பதில். டோக்கன் சரி, காலாவதியும் ஆகவில்லை. ஒரே கோரிக்கையை 'கர்ல்' கொண்டு இரு விதமாக அனுப்பிப் பார்த்தேன். எச்டிடிபி/1.1-இல் 200, எச்டிடிபி/2-இல் 401. முதலாவதில் 'ஆதரைசேஷன்' பெரிய 'ஏ'யோடு போய்ச் சேர்ந்தது, இரண்டாவதில் சின்ன 'ஏ'யோடு. அவர்கள் நிரல் ஹெடர்களை ஹேஷ்மேப்பில் போட்டுப் பெரிய 'ஏ'யை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது!

பெயர்களைச் சின்ன எழுத்தாக்கிய பின் சேமித்துத் தேடினால் சிக்கல் தீரும். ஆனால் பெயரை மட்டும்தான். ஆர்வக்கோளாறில் டோக்கனையும் சின்ன எழுத்தாக்கினால் மறுபடி 401தான்.